மாந்தோப்பில் ஒரு வழியனுப்பு

அத்தியாயம் 11

'நான் உங்ககூட வரலை' என்று சரிதா சொல்லி ஓர் இரவு கழிந்திருந்தது.

ஹரீஷ்குமார் கத்தவில்லை. கையை ஓங்கவில்லை. "காலையில பேசிக்கலாம். உங்கப்பா பாவம், கெடா வெட்டி விருந்து வெச்சிருக்காரு" என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டான். விடிந்ததும் தானே காபி கலந்து எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்தான். அந்தக் காபியைப் பார்த்ததும்தான் சரிதா பயந்தாள்.

வேப்பனப்பள்ளி மாந்தோப்புக்காரர் ராஜப்பனின் ஒரே மகள் அவள். ஓசூர் நாராயணப்பன் வீட்டு மருமகள். புருஷன் இந்தியத் தூதரக அதிகாரி. ஐரோப்பாவின் கிழக்கே, பாதி வருடம் பனியில் மூழ்கிக் கிடக்கும் ஒரு தலைநகரத்தில் மூன்று வருடம் குடித்தனம் நடத்திவிட்டு, விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறார்கள். அடுத்த ஊர் ஆப்பிரிக்காவில். செவ்வாய்க்கிழமை பெங்களூரில் விமானம் ஏற வேண்டும்.

அதற்குத்தான் இன்று, ஞாயிற்றுக்கிழமை, மாந்தோப்பில் வழியனுப்பு விருந்து. ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

மாமியார் நாகம்மாள் புடவையைச் சரிசெய்துகொண்டே அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "கிளம்பலாமாம்மா?" என்றாள். மருமகள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். இந்த வீட்டில் நாகம்மாள் எதையும் நேராகப் பார்த்து சரிதா கண்டதில்லை. மாமனார் முட்டி வலி என்று வீட்டிலேயே தங்கிவிட்டார்.

காரை ஹரீஷ் ஓட்டினான். பக்கத்தில் சரிதா. அவளுக்குப் பின்னால் நாகம்மாள். பின்சீட்டின் நடுவில் ஏழு வயது மிருதுளா.

சூளகிரி தாண்டும் வரை அவன் மகளோடு சிரித்துப் பேசிக்கொண்டு வந்தான். ஆப்பிரிக்காவில் வீட்டுக்குப் பின்னாலேயே கடல் இருக்கும், தினம் குளிக்கலாம் என்றான். லாரிகளுக்கு நடுவில் வண்டி பதமாகப் போயிற்று. குந்தாரப்பள்ளியில் நெடுஞ்சாலையை விட்டு இடதுபக்கம் திரும்பியதும் மிருதுளாவுக்குக் குமட்டியது. ஏ.சி.யை நிறுத்திக் கண்ணாடிகளை இறக்கினார்கள். குழந்தை காற்றுக்காக முன்சீட்டுகளுக்கு நடுவில் தலையை நீட்டிக்கொண்டது. சரிதா ஜன்னல் விளிம்பில் இடது கையை வைத்து, இருபுறமும் ஓடிய தோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து ஒண்ணு சொன்னியே, அதை இன்னொரு தடவை சொல்லு" என்றான் ஹரீஷ். கண் சாலையில் இருந்தது.

"குழந்தை இருக்கா."

"பரவால்ல. சொல்லு."

"நான் வரலை. மிருவும் வர மாட்டா."

கண்ணாடி மேலே ஏறத் தொடங்கியது.

அவள் முதலில் புரிந்துகொள்ளவில்லை. கையை இழுப்பதற்குள் விரல்கள் கண்ணாடிக்கும் மேல்சட்டத்துக்கும் நடுவில் சிக்கிவிட்டன. வலி தோள்வரை பாய்ந்தது. தன் பக்கத்துப் பட்டனை வலது கையால் தேடித் தேடி அமுக்கினாள். இறங்கவில்லை. ஓட்டுநர் பக்கத்தில் பூட்டு போட்டிருந்தான். அவன் வலது கை அவன் பக்கத்துக் கதவில் அசையாமல் இருந்தது. கட்டைவிரல் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தது.

"கத்தாதே. குழந்தை பயந்துக்கும்" என்றான், கதை சொல்கிற குரலில்.

அவள் கத்தவில்லை. கத்தாமல் இருக்க அவளுக்கு நன்றாகவே பழக்கம் இருந்தது.

அந்தப் பனி ஊரில் முதல் குளிர்காலத்தில் ஒரு தடவை கத்தியிருக்கிறாள். வெறுங்காலோடு மாடிப்படி இறங்கித் தூதரகக் குடியிருப்பின் வாசலுக்கு ஓடியிருக்கிறாள். அங்கே காவலுக்கு நின்ற அந்த நாட்டுப் போலீஸ்காரன் அவள் காலைப் பார்த்தான். உதட்டில் இருந்த ரத்தத்தைப் பார்த்தான். விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டு, கூண்டுக்குள் போய் போனை எடுத்து அவள் புருஷனையே கூப்பிட்டான்.

மேலே வந்த பிறகு ஹரீஷ் பொறுமையாக விளக்கினான். "இந்த வாசப்படிக்கு உள்ளே இந்த நாட்டு போலீஸ் கால் வைக்க முடியாது. சட்டம். நம்மளை யாரும் ஒண்ணும் கேட்க முடியாது. உன்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

காரில் கண்ணாடி இறங்கியது.

"அச்சச்சோ! கை மாட்டிக்கிச்சா? கவனிக்கவே இல்லையே. சாரிம்மா" என்றான் ஹரீஷ்.

நடுவிரலும் மோதிரவிரலும் நிறம் மாறி வீங்கத் தொடங்கியிருந்தன. சரிதா கையை மடியில் வைத்துப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். மிருதுளா தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பின்னால் நாகம்மாள் மட்டும் மெல்லிய குரலில் ஏதோ ஒரு சாமியைக் கூப்பிட்டாள். அதற்குமேல் அவளிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

*

தோப்பு வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். 'ஆப்பிரிக்கா செல்லும் எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு வாழ்த்துகள்!' கீழே ஹரீஷும் சரிதாவும் தோளோடு தோள் உரசிச் சிரிக்கும் பெரிய படம்.

"எப்படிம்மா இருக்குது? உன் பேஸ்புக்லருந்து எடுத்துத்தான் போட்டோம்" என்றார் ராஜப்பன். வெள்ளை வேட்டியில் மனிதர் பத்து வயது குறைந்து தெரிந்தார்.

சரிதா அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அது அந்தப் பனி ஊரில் அவர்களுக்கு நடந்த வழியனுப்பு விருந்தில் எடுத்தது.

அங்கே வழியனுப்பு விருந்துகளுக்கு ஓய்வே கிடையாது. யாராவது வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பார்கள். மூன்று வருடம் ஒன்றாகச் சமைத்து, தீபாவளி கொண்டாடி, பிள்ளைகளை ஒரே பள்ளிக்கூட வேனில் ஏற்றி அனுப்பி, அப்புறம் ஒருநாள் சாமான் கட்ட மரப்பெட்டிகள் வந்து இறங்கும். பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவருவார்கள். யார் எந்த சோபாவில் உட்காரலாம் என்பது புருஷன்மாரின் பதவியைப் பொறுத்தது. பாட்டு, அழுகை, ஒரு வெள்ளித் தட்டு, ஒரு குரூப் போட்டோ. மறுநாள் அந்த வீட்டுக் கதவில் வேறு பெயர்.

சரிதாவின் விருந்தன்று சாயங்காலம் அவள் கன்னத்தில் நான்கு விரல் தடம் இருந்தது. தூதருக்கு அடுத்த அதிகாரியின் மனைவி அவளைக் குளியலறைக்கு அழைத்துப் போனாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தன் பையிலிருந்து எதையோ எடுத்துக் கன்னத்தில் பூசிப் பூசி, தடத்தை மறைத்தாள். "இப்போ சிரி பார்க்கலாம். போட்டோ எடுக்கக் கூப்பிடறாங்க" என்றாள் இந்தியில். வாசலில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றது பவளம். அலுவலக உதவியாளர் ஒருவரின் மனைவி, தேனிப் பக்கத்துக்காரி, சரிதா வீட்டுக்கு நேர் கீழ்வீடு. மேல்வீட்டுச் சத்தம் மூன்று வருடமும் அவள் கூரையில்தான் இறங்கியது.

அன்றைக்குப் பூசிய கன்னம்தான் இப்போது மாந்தோப்பு வாசலில் ஆள் உயரத்துக்குச் சிரித்தது.

"என்னாடி கையி?" அம்மா மாதம்மாள் தலைப்பை விலக்கிப் பார்த்துவிட்டாள். "ஐயோ, என்னாடி இது, இப்பிடி வீங்கிக் கெடக்குது!"

"கார் கண்ணாடில மாட்டிக்கிச்சும்மா."

"பாத்து வெக்கக் கூடாதா? ஐஸ் வெக்கறேன் இரு."

அண்ணன் மாதேஸ்வரன் மரத்தடியில் குந்தி விருந்தாளிகளுக்கு இளநீர் சீவிக்கொண்டிருந்தான். ஓசூரில் கியர் செய்யும் கம்பெனியில் ஷிப்டு பார்ப்பவன். கை முந்திக்கொள்ளும் ஆள். போன வருடம் சூப்பர்வைசரை அறைந்துவிட்டு இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்தவன். கொடுவாளை நிறுத்திவிட்டுத் தங்கையைப் பார்த்தான்.

"கண்ணாடி தானா ஏறிச்சாம்மா?"

"ஆமாண்ணா. தானாத்தான்."

"தானா ஏறாதே" என்றான் அவன். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இளநீரை ஒரே வெட்டில் இரண்டாகப் பிளந்தான்.

அவனிடம் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று சரிதாவுக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை வருடமும் சொல்லவில்லை. விருந்து முடியட்டும், எல்லாரும் போகட்டும், அப்பாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம், மிருதுளாவோடு இங்கேயே தங்கிவிடலாம் என்பதுதான் அவள் போட்டிருந்த கணக்கு.

களி உருண்டைகள் தட்டுகளில் ஏறின. கறிக்குழம்பு வாசனை தோப்பெல்லாம் பரவியது. ஹரீஷ் ஒவ்வொருவரிடமும் போய் நின்று, தெலுங்குக்காரரிடம் தெலுங்கிலும் கன்னடக்காரரிடம் கன்னடத்திலும் நலம் விசாரித்தான். பெரியவர்கள் காலைத் தொட்டான். "இவ்ளோ பெரிய வேலையில இருந்துக்கினு ஒரு கர்வம் இருக்குதா பாரு" என்று யாரோ சொன்னது சரிதாவின் காதில் விழுந்தது.

"எல்லாரும் இங்க வாங்க! நம்ம எம்பஸி லேடீஸ் எல்லாம் லைன்ல இருக்காங்க. சரிதாவுக்கு பை சொல்லணுமாம்!"

ஹரீஷ் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தான். திரையில் கட்டம் கட்டமாகப் பெண்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஆங்கிலமும் இந்தியும் மாமரத்தடியில் கொட்டியது. நீங்கள் இல்லாமல் இங்கே ஒன்றுமே நன்றாக இல்லை, உங்கள் இட்லி இல்லை, உங்கள் இரண்டு பேரையும் பார்த்தாலே எங்களுக்குப் பொறாமை என்றெல்லாம் சொன்னார்கள். கன்னத்தில் பூசிவிட்ட அம்மாள் நடுக் கட்டத்தில் இருந்தாள். ஓரத்தில் ஒரு கட்டத்தில் பவளம்.

ஊர்ஜனம் திரையைப் பார்த்து ஆவென்று நின்றது. ராஜப்பன் கைகூப்பினார்.

"சரிதா, கை காட்டு" என்றான் ஹரீஷ்.

அவள் வலது கையைக் காட்டினாள்.

"அந்தக் கைக்கு என்ன ஆச்சு?" என்று தமிழில் கேட்டது பவளம்தான்.

"ஒண்ணுமில்லக்கா. கார் கண்ணாடில..."

"அப்பாதான் பட்டனை அமுக்கினாரு" என்றாள் மிருதுளா.

அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து எல்லாரும் வாயை மூடியிருந்தார்கள்.

"என்ன கண்ணு சொன்ன?" என்றான் மாதேஸ்வரன்.

"அம்மா கை உள்ள இருக்கறப்ப அப்பா பட்டனை அமுக்கிக்கிட்டே இருந்தாரு. விடவே இல்ல. பின்னால உக்காந்திருந்த அவ்வாகூடப் பார்த்தாங்க."

ஹரீஷ் சிரித்தான். "கற்பனை ஜாஸ்தி இவளுக்கு. மிரு, பொய் சொல்லக் கூடாது. சாரி சொல்லு எல்லாருக்கும்."

"பொய் இல்ல."

"சாரி சொல்லுன்னு சொன்னேன்."

"நான் பொய் சொல்லல!"

அவன் கை இறங்கியதை யாருமே எதிர்பார்க்கவில்லை. அவனேகூட எதிர்பார்த்திருக்க மாட்டான். மூடிய கதவுகளுக்கு உள்ளே மட்டும் இறங்கிப் பழகிய கை அது. குழந்தை பக்கத்தில் கிடந்த மரப்பெஞ்சின் முனையில் போய் விழுந்தாள். எழுந்தபோது வாயெல்லாம் ரத்தம்.

சரிதா அவன் மேல் பாய்ந்தாள்.

முதல்முறையாகப் பாய்ந்தாள். வலது கையால் அவன் சட்டையைப் பற்றி முகத்தில் நகத்தால் கீறினாள். போன் தெறித்து விழுந்தது. அவன் அவள் முடியைச் சுருட்டிப் பிடித்து அறைந்தான், மறுபடி அறைந்தான், கீழே விழுந்தவளை இடுப்பில் உதைத்தான். இத்தனை பேர் சுற்றி நிற்கிறார்கள் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. "என் பொண்ணை எனக்கு எதிரா திருப்பி விடறியா? திருப்பி விடறியா?" என்று கேட்டுக் கேட்டு உதைத்தான்.

ராஜப்பன் "மாப்ளை! மாப்ளை!" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரிதா மண்ணில் கன்னம் பதிந்து கிடந்தாள். ஒரு முழ தூரத்தில் அவன் போன் மரவேரில் சாய்ந்து கிடந்தது. அதன் திரையை அவளால் பார்க்க முடிந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொரு கட்டமாகக் காணாமல் போயிற்று. நடுக் கட்டம்தான் முதலில் போனது. கடைசியில் பவளம் மட்டும் மிச்சம் இருந்தாள். "சரிதா! எந்திரிடி! யாராச்சும் பிடிங்களேய்யா அவரை!" என்று எங்கேயோ ஒரு பனி ஊரிலிருந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

அப்போது உதை நின்றது. ஹரீஷ் ஒரு மாதிரி மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

கொடுவாள் அவன் இடது தோளில் இறங்கியிருந்தது.

மாதேஸ்வரன் அதைப் பிடுங்கி மறுபடி ஓங்கினான். இந்தத் தடவை கழுத்துக்கு. ஹரீஷ் கையைக் குறுக்கே கொடுத்தான். முழங்கைக்குக் கீழே சதை பிளந்து வெள்ளை தெரிந்தது. அவன் சரிந்து விழுந்தான். பெண்கள் அலறிக்கொண்டு சிதறினார்கள். களித் தட்டுகள் காலில் மிதிபட்டன.

சரிதா எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மூன்றாவது வெட்டு ஓங்குவதற்குள் அண்ணனின் கையில் தொங்கினாள். உடைந்த விரல்களாலும் சேர்த்துத்தான் பிடித்தாள்.

"ண்ணா, வேணாம்! ண்ணா, விடுண்ணா!"

"விடுடி! இவனைக் கொன்னுட்டுத்தான் மறுவேலை!"

"இவனைக் கொன்னுட்டு நீ உள்ள போயிட்டா, எனக்கு யாருண்ணா இருக்காங்க?"

மாதேஸ்வரன் அவளைப் பார்த்தான். அவள் முகம், மிருதுளாவின் வாய், கீழே கிடப்பவனின் சட்டை எல்லாவற்றையும் அப்போதுதான் பார்ப்பவன்போலப் பார்த்தான். ஓங்கிய கையை இறக்கினான். கொடுவாளைக் கீழே போடவில்லை. அதோடேயே நடந்து போய் மோட்டார் சைக்கிளை உதைத்து எழுப்பினான். தோப்புக்குப் பின்னால் மண்பாதையில் வண்டி கிளம்பிப் போனது. அந்தப் பாதை ஒரு பக்கம் போனால் ஆந்திரா, இன்னொரு பக்கம் போனால் கர்நாடகா.

*

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் காரை ஓட்டியவர் சித்தப்பா தமிழரசன். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார்.

"நடந்தது நடந்துபோச்சு. மாப்ளை கவர்மென்ட்டு ஆளு, பேரு கெட்டா ரெண்டு குடும்பத்துக்கும் அசிங்கம். மாங்கா அறுக்க மரத்துல ஏறினாரு, கொக்கியோட விழுந்துட்டாருன்னு சொல்லிக்கலாம். என்னா சொல்றீங்க?"

பின்சீட்டில் மகனின் தலையை மடியில் வைத்திருந்த நாகம்மாளின் புடவை நனைந்து கனத்திருந்தது.

ஹரீஷுக்குத் தோளிலும் கையிலும் தையல் போட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, விரல்கள் பழையபடி மடங்குமா என்பது போகப் போகத்தான் தெரியும் என்றார் டாக்டர். சரிதாவின் கையைப் படம் எடுத்துப் பார்த்து, இரண்டு விரலில் எலும்பு முறிந்திருக்கிறது என்று கட்டுப் போட்டார். மிருதுளாவின் உதட்டிலும் தையல். மாதம்மாள் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடையில் உட்கார்ந்திருந்தாள். ராஜப்பன் ஒரு தூணில் சாய்ந்து நின்றார்.

"சரிதா, இங்க வா" என்று ஹரீஷ் கூப்பிட்டான். கட்டிலுக்கு மறுபக்கம் நாகம்மாள் ஸ்டூலில் இருந்தாள். அவளை அவன் பொருட்படுத்தவில்லை.

"போலீசுக்குச் சொல்லிட்டாங்க. இப்ப வந்துடுவாங்க. உங்கண்ணன் பண்ணினது கொலை முயற்சி. எத்தனை வருஷம் உள்ள இருப்பான்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்."

சரிதா வாசல் பக்கம் பார்த்தாள்.

"உங்க சித்தப்பா சொல்ற மாதிரியே நானும் சொல்றேன். மரத்துலருந்து விழுந்தேன். கொக்கி கிழிச்சிருச்சு. கேஸே கிடையாது. பயணத்தை ஒரு மாசம் தள்ளிப்போட்டுக்கலாம். நீயும் மிருவும் என்கூட பிளைட் ஏறணும். அவ்ளோதான்." வலியில் முகம் சுருங்கியபோதும் அவன் குரல் நயமாகவே இருந்தது. "யோசி. உங்கண்ணனா, நீயா?"

சரிதா யோசித்தாள். அண்ணனை யோசித்தாள். அவனுக்குப் பெண் பார்த்து, ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு. அப்பாவை யோசித்தாள். பிறகு கடல் தெரியும் ஒரு வீட்டை யோசித்தாள். அந்த வீட்டுக்கு ஒரு வாசல் இருக்கும். வாசலில் ஒரு போலீஸ்காரன் நிற்பான். வெறுங்காலோடு ஓடிவருவது இந்தத் தடவை அவளாக இருக்காது. மிருதுளாவாக இருப்பாள். அவன் சல்யூட் வைப்பான்.

எஸ்.ஐ. பூங்கொடி ஒரு ஏட்டோடு உள்ளே வந்தாள். பேச்சில் திருநெல்வேலி தெரிந்தது. "யாருக்கு என்ன ஆச்சு? யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

"மரத்துலருந்து விழுந்துட்டாருங்க மேடம். மாங்கா அறுக்கையில..." என்று தொடங்கினார் தமிழரசன்.

"மரத்துலருந்து விழுந்தா ரெண்டு இடத்துல வெட்டு விழுமா? நீங்களும் கூடவே ஏறினீகளோ?"

தமிழரசன் ஓரடி பின்வாங்கினார். ஹரீஷ் சரிதாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தலையாட்டுவதற்காகக் காத்திருந்தான்.

"எங்கண்ணன் மாதேஸ்வரன் கொடுவாளால வெட்டினாரு" என்றாள் சரிதா.

"ஏய்!" என்றார் தமிழரசன். நடையிலிருந்து மாதம்மாளின் குரல் "ஐயோ" என்று கேட்டது.

"அதுக்கு முன்னாடி இவர் என்னைக் கீழ தள்ளி உதைச்சாரு. அதுக்கு முன்னாடி எங்க மகளை அடிச்சாரு. காலையில கார் கண்ணாடில என் கையை வெச்சு நசுக்கினாரு. மூணு வருஷமா வெளிநாட்டுல நடந்ததும் இருக்குது. எல்லாத்தையும் சொல்றேன். ஒண்ணை எழுதினா எல்லாத்தையும் எழுதணும் மேடம்."

பூங்கொடி அவள் கைக்கட்டைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"மேடம், என் மனைவி அதிர்ச்சியில இருக்கா" என்றான் ஹரீஷ். "நான் வெளியுறவுத் துறை அதிகாரி. இதை எப்படிக் கையாளணும்னு உங்க எஸ்.பி.கிட்ட நேரடியா பேசிக்கறேன்."

"தாராளமா பேசுங்க சார். நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் நான் எழுதிக்கிட்டு இருக்கேன்." அவள் நாகம்மாள் பக்கம் திரும்பினாள். "நீங்க யாரும்மா?"

"என் அம்மா" என்றான் ஹரீஷ்.

"அவங்களைத்தான் சார் கேட்டேன். நீங்க அங்க இருந்தீகளா? என்ன பார்த்தீக?"

நாகம்மாள் மகனைப் பார்த்தாள். அவன் லேசாகத் தலையை அசைத்தான். மடியில் ரத்தம் காய்ந்து மொறமொறத்த புடவையை அவள் இழுத்து விட்டுக்கொண்டாள்.

"வெட்டினதைப் பார்த்தேன். என் புள்ளையை அந்தப் பையன் வெட்டினான்." ஏட்டின் பேனாவைப் பார்த்தாள். "கார்ல நடந்ததையும் பார்த்தேன். பட்டன்லருந்து இவன் கையை எடுக்கவே இல்ல."

"அம்மா!"

"உங்கப்பன் என்னை அடிக்கறப்ப நீ மூலையில நின்னு பாத்துக்கினே இருப்ப. கத்த மாட்ட, அழ மாட்ட. இன்னிக்கு நானும் கார்ல அப்படித்தான்டா குந்திக்கினு இருந்தேன்." அவள் குரல் உடையவில்லை, கண்ணும் கலங்கவில்லை. முதல்முறையாக மருமகளை நேராகப் பார்த்தாள். "எழுதிக்கோங்கம்மா. எங்க கையெழுத்து போடணும்னு சொல்லுங்க."

ஹரீஷ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

சரிதா சொல்லத் தொடங்கினாள். பனி ஊரின் முதல் குளிர்காலத்திலிருந்து தொடங்கினாள். ஏட்டு எழுதிக்கொண்டே போனார். நடுவில் ஓரிடத்தில் அவர் பேனா நின்றது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி எழுதினார். முடிந்ததும் பூங்கொடி கேட்டாள்: "உங்கண்ணன் இப்ப எங்க?"

"தெரியாது மேடம். போன் போட்டா எடுக்கல."

"அவரா வந்தா அவருக்கு நல்லது. நாங்களா தேடிப் பிடிச்சா கதை வேற. புரியுதா? கூட்டிட்டு வரப் பாருங்க."

சரிதா வெளியே வந்தாள். நடையில் வெயில் சாய்ந்திருந்தது. மாதம்மாள் எழுந்து நின்றாள். தோளில் மிருதுளா தூங்கிப்போயிருந்தாள். ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டே, இன்னொரு கையால் மகளின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள் மாதம்மாள்.

ஏற்கெனவே வீங்கிய கன்னம்தான் அது. சரிதா தடுக்கவில்லை.

"உனக்காகக் கத்தி எடுத்தவன்டி! அவனைக் காட்டிக் குடுக்க உனக்கு எப்பிடிடி வாய் வந்துச்சு?"

"அம்மா, நான் மறைச்சிருந்தா இவரு என்னை..."

"எல்லாம் கேட்டேன். எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருந்தேன். இத்தனை வருஷம் ஒரு வார்த்தை பெத்தவகிட்ட சொல்லல. இன்னிக்குப் போலீசுக்குச் சொல்ற."

ராஜப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாதம்மாள் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார்.

"அண்ணன் தானா வந்துட்டா நல்லதுன்னு எஸ்.ஐ. சொல்றாங்கம்மா. வக்கீல் வெச்சுப் பாத்துக்கலாம். நான் எல்லா இடத்துலயும் வந்து சாட்சி சொல்றேன். அவனை மட்டும் கண்டுபிடிச்சு..."

மாதம்மாள் தூங்கும் குழந்தையைத் தோளிலிருந்து மெதுவாக இறக்கினாள். கட்டுப்போட்ட கையில் இடிக்காமல் பார்த்து, சரிதாவின் வலது தோளில் சாய்த்துவிட்டாள்.

"இந்தா, உன் பொண்ணு."

புடவையை உதறிக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிப் படி வரைக்கும் போனாள். அங்கே நின்று திரும்பினாள்.

"என் புள்ளை எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். உன்கிட்ட மட்டும் சொல்ல மாட்டேன்."